மனித இனப்பெருக்கமும் கருவளர்ச்சியும்: கணக்குக் கேள்விகளைப் பயிலும் முறை

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கப் பாடத்தைக் கதைபோல வாசித்து முடிப்பவர்கள் நிறைய. செல்களின் பெயர், ஹார்மோன்களின் பெயர், அவை சுரக்கும் இடம் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் "100 கருமுட்டைகள் உருவாகக் குறைந்தபட்சம் எத்தனை குன்றல் பகுப்புகள் வேண்டும்?" என்று கேட்டதும் பேனா நின்றுவிடும். (கருமுட்டை என்பது அண்டமும் விந்தணுவும் சேர்ந்து உருவாகும் முதல் செல்; குன்றல் பகுப்பு என்பது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பு.) பெருக்கல், வகுத்தல், இரண்டின் அடுக்கு, கொஞ்சம் நாள்காட்டி, இவற்றைத் தாண்டி இந்தப் பாடத்தில் கணக்கே இல்லை. எதை எண்ணுகிறோம், எங்கிருந்து எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமலே பெருக்கத் தொடங்குவதுதான் மதிப்பெண்ணைக் காவு வாங்குகிறது.

அதனால் எந்தக் கேள்வியானாலும் ஓரத்தில் முதலில் நான்கு விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. எண்ண வேண்டியது எது? செல்லா, குரோமோசோமா, குரோமாட்டிடா (குரோமோசோமின் ஓர் இழை), டி.என்.ஏ. அளவா, பகுப்பா, நாளா?
2. தொடக்கம் எது? முதல்நிலைச் செல்லா, இரண்டாம்நிலைச் செல்லா? மாதவிடாயின் முதல் நாளா, கருவுற்ற நாளா?
3. ஓர் உறுப்புக்கா, இரண்டுக்கும் சேர்த்தா?
4. "குறைந்தபட்சம்", "அதிகபட்சம்", "சராசரியாக" என்ற சொல் ஏதும் உண்டா?

நான்கையும் எழுதப் பத்து விநாடி போதும். நீட் தேர்வில் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் பத்து விநாடியை இதற்குத் தருவது வீண் அல்ல.

முதல் படி: பால்செல் வரிசையை எண்களாக எழுதுதல்

பாடத்தின் பாதிக் கணக்குகள் கீழே உள்ள ஐந்து வரிகளிலிருந்தே வருகின்றன. ஒருமயத் தொகுதி (23 குரோமோசோம்கள் கொண்ட ஒற்றைத் தொகுதி) ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

- விந்தணுத் தாய்செல், டி.என்.ஏ. இரட்டிப்பதற்கு முன்: குரோமோசோம் 46, குரோமாட்டிட் 46, டி.என்.ஏ. 2 பங்கு
- முதல்நிலை விந்து செல்: குரோமோசோம் 46, குரோமாட்டிட் 92, டி.என்.ஏ. 4 பங்கு
- இரண்டாம்நிலை விந்து செல்: குரோமோசோம் 23, குரோமாட்டிட் 46, டி.என்.ஏ. 2 பங்கு
- ஸ்பெர்மட்டிட்: குரோமோசோம் 23, குரோமாட்டிட் 23, டி.என்.ஏ. 1 பங்கு
- விந்தணு: ஸ்பெர்மட்டிட்டில் உள்ளதே, இங்கே உருமாற்றம் மட்டும் நடக்கிறது, பகுப்பு இல்லை

குரோமோசோமை எண்ணுவதற்கு ஒரே விதி: சென்ட்ரோமியர் எத்தனையோ குரோமோசோம் அத்தனை. சகோதரி குரோமாட்டிடுகள் இரண்டும் ஒரே சென்ட்ரோமியரில் ஒட்டியிருக்கும்வரை அது ஒரு குரோமோசோம்தான். டி.என்.ஏ. இரட்டித்த பிறகும் முதல்நிலைச் செல்லில் 92 குரோமோசோம் என்று எழுதாமல் 46 என்றே எழுதுவதற்கு இதுவே காரணம்.

வழக்கமான கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விந்தணு ஒன்றில் டி.என்.ஏ. 3.3 பிகோகிராம் என்று கொடுத்து, மற்றச் செல்களில் எவ்வளவு என்று கேட்பார்கள். இரண்டாம்நிலை விந்து செல்லில் 6.6, முதல்நிலையில் 13.2, டி.என்.ஏ. இரட்டிக்காத தாய்செல்லில் 6.6. தாய்செல்லுக்கும் இரண்டாம்நிலைச் செல்லுக்கும் டி.என்.ஏ. எடை ஒன்றே. ஆனால் ஒன்றில் 46 குரோமோசோம், மற்றதில் 23. "டி.என்.ஏ. சமம், ஆகவே குரோமோசோமும் சமம்" என்ற தவறான கூற்றை விடைகளுக்குள் வைத்திருப்பார்கள், வரிசையை எழுதிப் பழகியவர் அதில் விழமாட்டார்.

அண்ட செல் வரிசைக்கும் எண்கள் இவையே. வேறுபடுவது நேரமும் சைட்டோபிளாசத்தின் பங்கீடும். முதல்நிலை அண்ட செல், பெண் குழந்தை பிறப்பதற்கு முன்பே முதல் குன்றல் பகுப்பின் முதல் நிலையில் நின்றுவிடுகிறது. அண்டம் விடுபடும்போது வெளியே வருவது இரண்டாம்நிலை அண்ட செல். அது இரண்டாம் குன்றல் பகுப்பின் மெட்டாஃபேஸில் (குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் நிலையில்) நின்றிருக்கும். விந்தணு நுழைந்தால்தான் பகுப்பு முடியும்.

இங்கே ஒரு கேள்வியை நிதானமாகப் பார்ப்பது நல்லது. விந்தணுவின் உட்கரு உள்ளே நுழைந்துவிட்டது, இரண்டாம் துருவ செல் (அண்ட செல் பிரியும்போது ஒதுக்கப்படும் சிறு செல்) இன்னும் வெளியேறவில்லை. அந்தக் கணத்தில் செல்லுக்குள் டி.என்.ஏ. எத்தனை பங்கு? பலரும் "கருவுற்றாயிற்று, ஆகவே 2" என்று எழுதுவார்கள். மெட்டாஃபேஸில் நிற்கும் அண்ட செல்லில் 2 பங்கு, விந்தணுவில் 1 பங்கு, மொத்தம் 3. குரோமோசோம் 23 + 23 = 46. குரோமாட்டிட் 46 + 23 = 69. துருவ செல் 23 குரோமாட்டிடுகளை எடுத்துக்கொண்டு வெளியேறிய பிறகே டி.என்.ஏ. 2 பங்காகவும் குரோமாட்டிட் 46 ஆகவும் இறங்குகிறது. இந்த ஒரு கணக்கைத் தாளில் படம் வரைந்து போட்டுப் பார்த்தவருக்கு அண்ட செல் பகுதி தெளிவாகிவிடும்.

இரண்டாம் படி: செல்லையும் பகுப்பையும் பிரித்து எண்ணுதல்

ஒரு முதல்நிலை விந்து செல் 4 விந்தணுக்களையும், ஓர் இரண்டாம்நிலை விந்து செல் 2 விந்தணுக்களையும், ஒரு ஸ்பெர்மட்டிட் 1 விந்தணுவையும் தரும். பெண்ணில் முதல்நிலை அண்ட செல்லும் சரி, இரண்டாம்நிலை அண்ட செல்லும் சரி, ஓர் அண்டத்தை மட்டுமே தரும்.

இப்போது அந்த 100 கருமுட்டைக் கேள்வி. 100 விந்தணு வேண்டும்: 100 ÷ 4 = 25 குன்றல் பகுப்பு. 100 அண்டம் வேண்டும்: 100 குன்றல் பகுப்பு. மொத்தம் 125. "குறைந்தபட்சம்" என்ற சொல், உருவான எல்லா விந்தணுவும் வீணாகாமல் பயன்பட்டதாக வைத்துக்கொள் என்று பொருள்படும். உடலில் அப்படி நடப்பதில்லை என்றாலும் கணக்கில் அப்படியே எடுக்க வேண்டும்.

எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 101 விந்தணுவுக்கு 25.25 பகுப்பு என்று எதுவும் கிடையாது, 26 வேண்டும்.

கேள்வி "குன்றல் பகுப்பு" என்று கேட்கிறதா, "செல் பிரிதல்" என்று கேட்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு முழுக் குன்றல் பகுப்பில் முதல் பகுப்பு ஒருமுறையும் இரண்டாம் பகுப்பு இரண்டு செல்களிலும் நடக்கிறது. ஆகவே விந்தகத்தில் ஒரு முழுச் சுற்றுக்குச் செல் பிரிதல் மூன்று. 25 சுற்றுக்கு 75. அண்ட செல்லில் முதல் துருவ செல் பிரியவில்லை என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு. 100 அண்டத்துக்கு 200. சேர்த்தால் 275. 125, 275 இரண்டும் சரியான எண்களே. எது விடை என்பதைக் கேள்வியின் சொல்தான் தீர்மானிக்கும்.

துருவ செல்களிலும் இதே கவனம் வேண்டும். முதல் துருவ செல்லும் பிரிந்தால் ஓர் அண்டத்துக்கு மூன்று, பிரியாவிட்டால் இரண்டு. மனிதரில் அது பெரும்பாலும் பிரியாமலே சிதைந்துவிடும். "அதிகபட்சம் எத்தனை" என்றால் மூன்று.

தாய்செல்லிலிருந்து தொடங்கும் கேள்வியில் மைட்டாசிஸும் (குரோமோசோம் எண்ணிக்கை மாறாத செல் பகுப்பு) உள்ளே வரும். ஒரு தாய்செல் மூன்று சுற்று மைட்டாசிஸ் செய்து, எல்லாமே முதல்நிலைச் செல்லாக மாறினால் 8 முதல்நிலைச் செல்கள், 32 விந்தணுக்கள். சுற்று மூன்று; ஆனால் நடந்த மைட்டாசிஸ் பகுப்புகள் 1 + 2 + 4 = 7. சுற்றுக்கும் பகுப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு கருவளர்ச்சியிலும் திரும்ப வரும்.

மூன்றாம் படி: பிரியாநிலைக் கணக்கு

ஒரே ஒரு குரோமோசோம், உதாரணத்துக்கு 21ஆவது, பிரியத் தவறுகிறது. எந்தப் பகுப்பில் தவறியது என்பதுதான் விடையை மாற்றும்.

முதல் குன்றல் பகுப்பில் தவறினால் நான்கு விந்தணுவும் பழுது: 24, 24, 22, 22. இரண்டாம் பகுப்பில், இரண்டு இரண்டாம்நிலைச் செல்களில் ஒன்றில் மட்டும் தவறினால் பாதிதான் பழுது: 23, 23, 24, 22. இயல்பான அண்டத்தோடு சேரும்போது 24 உள்ளது 47 ஆகவும், 22 உள்ளது 45 ஆகவும் வரும்.

சூத்திரமாகப் படித்தால் இது மறந்துபோகும். நான்கு வட்டம் வரைந்து ஒத்திசைவு குரோமோசோம்களை (தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இணையை) இரண்டு நிறத்தில் போட்டு ஒருமுறை நகர்த்திப் பாருங்கள், போதும்.

நான்காம் படி: உறுப்புகளின் எண்கள்

ஒரு விந்தகத்தில் சுமார் 250 கதுப்புகள். ஒவ்வொரு கதுப்பிலும் 1 முதல் 3 விந்து நுண்குழல்கள். "ஆண் ஒருவரில் அதிகபட்சம் எத்தனை நுண்குழல்கள்?" என்றால் 250 × 3 × 2 = 1,500. கடைசி இரண்டை விட்டுவிட்டு 750 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. அண்டகத்திலும் இதே பொறி உண்டு. பருவமடையும்போது ஓர் அண்டகத்தில் 60,000 முதல் 80,000 முதல்நிலை ஃபாலிக்கிள்கள் (அண்ட செல்லைச் சூழ்ந்த பைகள்) எஞ்சியிருப்பதாகப் பாடநூல் சொல்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 1.2 முதல் 1.6 லட்சம்.

அதில் எத்தனை அண்டமாக வெளியேறும்? 13 வயதில் பூப்பு, 50 வயதில் மாதவிடாய் நிறைவு, 28 நாள் சுழற்சி என்று கொள்வோம். 37 ஆண்டு × 365.25 ÷ 28 ≈ 482. இரண்டு குழந்தைகள், ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதற்குப் பின் மாதவிடாய் வராத பாலூட்டும் காலத்துக்கும் சேர்த்து 15 மாதம் என்றால், சுமார் 33 சுழற்சிகள் கழியும். மிஞ்சுவது ஏறக்குறைய 450. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஃபாலிக்கிள்களில் அரை விழுக்காடுகூட அண்டமாக வெளியேறுவதில்லை, மற்றவை சிதைந்துபோகின்றன. ஆண்டுக்கு 12 சுழற்சி என்று எடுத்தவர்களுக்கு இங்கே விடை பிசகும். 28 நாள் சுழற்சி ஆண்டுக்கு 13 முறை வரும்.

விந்துநீரில் முதலில் மில்லியனைச் சரிசெய்யுங்கள்: 10 மில்லியன் ஒரு கோடி. ஒருமுறை வெளியேறும் 20 முதல் 30 கோடி விந்தணுக்களில் குறைந்தது 60 விழுக்காடு இயல்பான வடிவமும் அளவும் கொண்டிருக்க வேண்டும், "அவற்றில்" குறைந்தது 40 விழுக்காடு வேகமாக நீந்த வேண்டும் என்பது பாடநூல் வாசகம். 30 கோடிக்கு இயல்பு வடிவம் 18 கோடி. நீந்துபவை? "அவற்றில்" என்பது மொத்தத்தைக் குறித்தால் 12 கோடி; இயல்பு வடிவத்தவற்றை மட்டும் குறித்தால் 7.2 கோடி. கொடுத்துள்ள நான்கு விடைகளில் எது இருக்கிறது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இரண்டும் இருந்தால், கேள்வியில் "மொத்த விந்தணுக்களில்" என்றோ "இயல்பானவற்றில்" என்றோ ஒரு சொல் கட்டாயம் இருக்கும், அதைத் தேடுங்கள்.

மருத்துவ அளவீடு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு கையேட்டின் கீழ்வரம்புகள்: 1.4 மி.லி. கொள்ளளவு, மி.லி.க்கு 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, இயல்பு வடிவம் 4 விழுக்காடு. கண்டிப்பான வடிவ அளவுகோலைக் கொண்டு எண்ணுவதால் அந்த 4 இவ்வளவு தாழ்ந்திருக்கிறது. பள்ளித் தேர்வில் 60, 40 என்பதையே பயன்படுத்துங்கள். பரிசோதனைக்கூட அறிக்கையைப் பாடநூல் எண்ணோடு ஒப்பிட்டு யாரையும் பயமுறுத்திவிட வேண்டாம்.

விந்தணு உருவாக ஆகும் காலம் சுமார் 74 நாள். நுண்குழல் மேற்பூச்சின் ஒரு சுழற்சி 16 நாள், 4.6 சுழற்சிகள் வேண்டும்: 16 × 4.6 = 73.6. கடும் காய்ச்சலின் பாதிப்பு விந்துநீரில் வாரங்கள் கழித்தும் தெரிவதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

ஐந்தாம் படி: மாதவிடாய் சுழற்சியும் தேதியும்

மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றே: சுழற்சியின் நீளம் மாறும்போது பெரும்பாலும் மாறுவது முன்பாதி. அண்டம் விடுபட்ட பிறகு வரும் லூட்டியல் கட்டம் ஏறக்குறைய 14 நாளாகவே இருக்கும். ஆகவே அண்டம் விடுபடும் நாள் = சுழற்சி நீளம் − 14. 24 நாள் சுழற்சியில் 10ஆம் நாள், 28இல் 14ஆம் நாள், 35இல் 21ஆம் நாள். "பாதியில்" என்று நினைத்து 35ஐ இரண்டால் வகுத்தால் 17 அல்லது 18 என்று வரும், அது பிழை.

தேதியாக மாற்றும்போது ஒரு நாள் வழுக்கும். மாதவிடாயின் முதல் நாள் சுழற்சியின் 1ஆம் நாள், 0 அல்ல. மார்ச் 1இல் தொடங்கினால் 14ஆம் நாள் மார்ச் 14. அதாவது தொடக்கத் தேதியோடு 13ஐக் கூட்ட வேண்டும். அடுத்த மாதவிடாய் மார்ச் 29. அதிலிருந்து 14ஐக் கழித்தால் மார்ச் 15 வரும். இரண்டு வழிக்கும் ஒரு நாள் வேறுபாடு இருக்கிறது. தேர்வில் "நீளம் − 14 = சுழற்சியின் நாள்" என்ற வழியையே பின்பற்றுங்கள்; உடலிலும் அண்டம் குறித்த நாளில் தவறாமல் விடுபடுவதில்லை.

கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்களைக் கணக்கிட இரண்டு எண்கள் போதும். விந்தணு பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் 5 நாள்வரை உயிர்வாழலாம், அண்டம் 12 முதல் 24 மணி நேரம். 28 நாள் சுழற்சியில் 9 முதல் 15ஆம் நாள்வரை. பாடநூல் "10 முதல் 17" என்று சொல்வது கருத்தடைக்காக உறவைத் தவிர்க்கும் காலம். அதைக் கேட்கும் கேள்வி வேறு. சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கான நாள்காட்டி முறையில், மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும். 26 முதல் 32 நாள்வரை மாறும் சுழற்சிக்கு 8ஆம் நாள் முதல் 21ஆம் நாள்வரை. கருத்தடை முறையாக இது நம்பகமானதல்ல. கணக்காக மட்டும் போடுங்கள்.

ஆறாம் படி: பிளவிப்பெருகல்

கருமுட்டையிலிருந்து 16 செல் நிலைக்கு எத்தனை சுற்றுப் பிளவு? இரண்டின் எத்தனையாவது அடுக்கு 16? நான்கு. எத்தனை செல் பகுப்புகள்? ஒவ்வொரு பகுப்பும் ஒரு செல்லைக் கூட்டுகிறது. ஒன்றிலிருந்து பதினாறுக்கு 15. இந்த "செல் எண்ணிக்கை − 1" விதி எல்லாப் பிளவுக்கும் பொருந்தும். ஒரே நேரத்தில் பிரியாமல் முன்பின்னாகப் பிரிந்து 3, 5, 6 செல் நிலைகளில் கரு இருக்கும்போதும் பொருந்தும். மனிதக் கருவில் அத்தகைய இடைநிலைகள் இயல்பாகவே காணப்படுகின்றன.

செயற்கைக் கருவுறுதல் கேள்விகளும் இங்கே வந்து சேரும். 8 பிளாஸ்டோமியர் (பிளவில் உருவான செல்) வரை உள்ள கருவை அண்ட நாளத்துக்கும், 8க்கு மேற்பட்டதைக் கருப்பைக்கும் மாற்றுவார்கள். ஆகவே மூன்றாம் சுற்று முடிந்த கரு எங்கே, நான்காம் சுற்று முடிந்தது எங்கே என்று கேட்டால் இரண்டின் அடுக்குதான் விடை.

இனி, பலரும் தொடாமல் விடும் ஓர் அழகான கணக்கு. பிளவிப்பெருகலின்போது கரு வளர்வதில்லை; ஜோனா பெல்லுசிடா உறைக்குள்ளேயே செல்கள் சிறியதாகிக்கொண்டு போகின்றன. 120 மைக்ரான் விட்டமுள்ள கருமுட்டை 8 சம செல்களானால் ஒவ்வொன்றின் விட்டம் என்ன? 15 என்று எழுதத் தோன்றும், 120 ÷ 8. ஆனால் பங்கிடப்படுவது கனஅளவு. கனஅளவு எட்டில் ஒன்றானால் விட்டம் பாதிதான் ஆகும்: 60 மைக்ரான். 64 செல் நிலையில் 30 மைக்ரான். மேற்பரப்பு? விட்டம் பாதியானால் ஒரு செல்லின் பரப்பு கால்பங்கு; எட்டுச் செல்லுக்கு 8 × ¼ = 2. மொத்தப் பரப்பு இரு மடங்காகியிருக்கிறது, சைட்டோபிளாசம் கூடவில்லை, உட்கருக்கள் எட்டு. உட்கருவுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் உள்ள விகிதம் பிளவின்போது கூடுகிறது என்று பாடத்தில் படிக்கும் வரியின் பொருள் இதுதான்.

இரட்டிப்புக் கணக்கு ஹார்மோனிலும் வரும். எச்.சி.ஜி. (கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்) அளவு 100 அலகு, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று கொடுத்தால், 6 நாள் கழித்து எவ்வளவு? 6 நாள் என்பது 144 மணி நேரம், மூன்று இரட்டிப்பு, 800 அலகு. இரண்டின் ஆறாம் அடுக்கைப் போட்டு 6,400 என்று எழுதுபவர் நாளையும் இரட்டிப்பையும் ஒன்றாக்கிவிட்டார்.

ஏழாம் படி: கர்ப்ப காலம்

இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. மருத்துவமனைக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், 40 வாரம். கருவியல் கணக்கு கருவுற்ற நாளிலிருந்து 266 நாள், 38 வாரம். இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம். கருவின் இதயம் கருவுற்ற 22ஆம் நாள் அளவில் துடிக்கத் தொடங்குகிறது என்று கருவியல் சொல்வது, மருத்துவமனைக் கணக்கில் 36 நாள், அதாவது 5 வாரம் 1 நாள்.

பிரசவத் தேதிக்கு நெகெலே விதி: கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 7 நாளைக் கூட்டி, 3 மாதத்தைக் கழித்து, ஓர் ஆண்டைக் கூட்டுங்கள். 10 ஜூன் 2024 என்றால் 17 மார்ச் 2025. நாள்காட்டியில் எண்ணினாலும் சரியாக 280 நாள். சுழற்சி 35 நாள் என்று கொடுத்திருந்தால், அண்டம் ஒரு வாரம் தாமதமாக விடுபட்டது என்று பொருள்; இன்னொரு 7 நாளைக் கூட்டி 24 மார்ச்.

மாதக் கடைசித் தேதிகளில் கவனம். 27 நவம்பர் 2024ஐ எடுங்கள். முதலில் 7 நாளைக் கூட்டினால் 4 டிசம்பர். பிறகு 3 மாதம் கழித்தால் 4 செப்டம்பர் 2025. வரிசையை மாற்றி முதலில் மாதத்தைக் கழித்தால் 27 ஆகஸ்ட். 7ஐக் கூட்டினால் 3 செப்டம்பர். 280 நாளை எண்ணிப் பார்த்தால் 3 செப்டம்பர். மாதங்களின் நீளம் ஒன்றல்ல என்பதால் வரும் வேறுபாடு இது. 280 நாள் என்று கேள்வி சொன்னால் நாளை எண்ணுங்கள். விதியைச் சொன்னால் விதியின் வரிசையில் செய்யுங்கள்.

கருவின் நீளத்துக்கு ஹாசே விதி உண்டு. முதல் ஐந்து சந்திர மாதங்களுக்கு மாதத்தின் வர்க்கம். அதன் பிறகு மாதம் × 5, சென்டிமீட்டரில். 3ஆம் மாதம் 9, 5ஆம் மாதம் 25, 6ஆம் மாதம் 30, 10ஆம் மாதம் 50. சந்திர மாதம் என்பது 28 நாள்; அதனால்தான் கர்ப்பம் இங்கே பத்து மாதம்.

எட்டாம் படி: விகிதங்கள்

இனப்பெருக்க நலப் பாடத்தில் எல்லாமே பகுதி எண்ணைப் பொறுத்தது. தாய் இறப்பு விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு. சிசு இறப்பு வீதம் ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கு. இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் 2018–20இல் 97, தமிழ்நாட்டில் 54. நாட்டின் சிசு இறப்பு வீதம் 2020இல் 28. 28 சிறியது, 97 பெரியது என்று நினைக்கக் கூடாது. ஒரே பகுதி எண்ணுக்குக் கொண்டுவந்தால் 28 என்பது லட்சத்துக்கு 2,800.

கருத்தடை முறையின் தோல்விக்குப் பேர்ல் குறியீடு: கர்ப்பங்களின் எண்ணிக்கை × 1,200 ÷ பயன்படுத்திய மொத்த மாதங்கள். இடையில் விலகியவர்களின் மாதங்களையும் கூட்ட வேண்டும். ஆனால் அவர்கள் இருந்த மாதங்களை மட்டும்.

பயிற்சி முறை

முதல் மூன்று நாள் கேள்வி எதுவும் வேண்டாம். வெற்றுத்தாளில் முதல் படியின் ஐந்து வரிகளையும் அண்ட செல்லுக்கான வரிகளையும் நினைவிலிருந்து எழுதுங்கள். பிழையின்றி நான்கு நிமிடத்தில் முடியும்வரை இதைத் தொடருங்கள்.

பிறகு ஒரே வகைக் கேள்விகளாக இல்லாமல் கலந்து, பதினைந்து கேள்வி ஒரு தொகுப்பாகப் போடுங்கள். தேர்வுக்கூடத்தில் எந்த வகை என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பிழையானவற்றை ஒரு நோட்டில் "எதை எண்ணினேன், எங்கிருந்து, ஒன்றா இரண்டா, எந்தச் சொல்லை விட்டேன்" என்ற நான்கு தலைப்பில் பதிவு செய்து, மூன்று நாள் கழித்து அவற்றை மட்டும் திரும்பப் போடுங்கள். ஒருவரது பிழைகள் பெரும்பாலும் ஒரே தலைப்பின் கீழ் குவியும். அங்கேதான் உழைக்க வேண்டும்.

ஒரு கேள்வியை ஐந்தாக உருமாற்றுவதும் மிகவும் பயன் தரும். "40 முதல்நிலை விந்து செல்கள்" என்ற தரவை வைத்துக்கொண்டு விந்தணு எத்தனை, செல் பிரிதல் எத்தனை, ஒய் குரோமோசோம் உள்ளவை எத்தனை, மொத்தக் குரோமாட்டிட் எத்தனை, இதே எண்ணிக்கையில் அண்டம் பெற எத்தனை செல் வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய வினாத்தாள்களைத் தேடி அலைவதைவிட இது மேல்.

போட்டுப் பார்க்க

1. 40 முதல்நிலை விந்து செல், 40 இரண்டாம்நிலை விந்து செல், 40 ஸ்பெர்மட்டிட்: மொத்தம் எத்தனை விந்தணு?
2. 40 முதல்நிலை அண்ட செல், 40 இரண்டாம்நிலை அண்ட செல்: அதிகபட்சம் எத்தனை அண்டம்?
3. கருமுட்டையிலிருந்து 32 செல் நிலைக்குச் சுற்று எத்தனை, பகுப்பு எத்தனை?
4. 31 நாள் சுழற்சி. மாதவிடாய் ஆகஸ்ட் 5இல் தொடங்கியது. அண்டம் விடுபடும் தேதி?
5. 10 முதல்நிலை விந்து செல்களில் ஒன்றில் மட்டும் முதல் குன்றல் பகுப்பில் பிரியாநிலை. பழுதான விந்தணு எத்தனை விழுக்காடு? அதே செல்லில் அது இரண்டாம் பகுப்பில், ஒரு இரண்டாம்நிலைச் செல்லில் மட்டும் நடந்திருந்தால்?
6. கருவின் நீளம் 35 செ.மீ. ஹாசே விதிப்படி எத்தனை வாரம்?
7. 150 பெண்கள் ஒரு கருத்தடை முறையைத் தொடங்கினர். 100 பேர் 12 மாதமும், 50 பேர் 6 மாதமும் பயன்படுத்தினர். 3 கர்ப்பங்கள். பேர்ல் குறியீடு?
8. 25,000 உயிருள்ள பிறப்புகள், 15 தாய் இறப்புகள், 350 சிசு இறப்புகள். இரண்டு விகிதங்களும்?
9. தடையை மீறி இரண்டு விந்தணுக்கள் ஒரே அண்ட செல்லுக்குள் நுழைந்துவிட்டன. இரண்டாம் துருவ செல் வெளியேறிய பிறகு, டி.என்.ஏ. இரட்டிப்பதற்கு முன், குரோமோசோம் எத்தனை, குரோமாட்டிட் எத்தனை? வெளியேறுவதற்கு முன்?

விடைகள்

1. 160 + 80 + 40 = 280.
2. 80. இரண்டு வகையும் ஒன்றுக்கு ஒன்றே.
3. சுற்று 5, பகுப்பு 31.
4. 31 − 14 = 17ஆம் நாள்; ஆகஸ்ட் 21. 22 என்று வந்தால் தொடக்க நாளை 0 என்று எண்ணியிருக்கிறீர்கள்.
5. 40இல் 4, அதாவது 10 விழுக்காடு. இரண்டாம் பகுப்பில் என்றால் 40இல் 2, 5 விழுக்காடு.
6. 35 ÷ 5 = 7 சந்திர மாதம்; 28 வாரம். 35க்கு வர்க்கமூலம் எடுக்கக் கூடாது, ஏனெனில் 25 செ.மீ.க்கு மேல் விதி மாறிவிடுகிறது.
7. மாதங்கள் 1,200 + 300 = 1,500; 3 × 1,200 ÷ 1,500 = 2.4.
8. தாய் இறப்பு விகிதம் 60. சிசு இறப்பு வீதம் 14.
9. வெளியேறிய பிறகு 23 × 3 = 69 குரோமோசோம், குரோமாட்டிடும் 69. வெளியேறுவதற்கு முன்பும் குரோமோசோம் 69தான்; குரோமாட்டிட் 46 + 23 + 23 = 92. ஒரே விந்தணு நுழைந்த இயல்பான நிலையிலும் 69 என்ற எண் வந்தது. அங்கே அது துருவ செல் வெளியேறும் முன் இருந்த குரோமாட்டிட் எண்ணிக்கை, குரோமோசோம் 46தான். இரண்டு இடத்திலும் 69ஐப் பார்த்துக் குழம்பினால், முதல் படியின் படத்தை இன்னொருமுறை வரைந்து, ஒவ்வொரு கோட்டிலும் சென்ட்ரோமியரைப் புள்ளியிட்டு எண்ணுங்கள்.